பங்கு கொள்ளும் தொண்டு

காட்பாடிச் சந்திப்பிலிருந்து திருப்பதி நோக்கிச் செல்லும் ரயிலில் நம்மில் பலர் ஏறியிருப்போம். சித்தூரைத் தாண்டிப் பாகாலை வந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நம்மைத் திருவேங்கட மலையின் அடிவாரத்துக்கு அழைத்துச் செல்லும். மற்றொன்று பீலேரு, மதனப்பள்ளி ரோடு ஆகிய நிலையங்களின் வழியே தர்மவரத்துக்குப் போகும். முதற்பாதையில் செல்லும் கூட்டம் பெரிது. அதைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் பாதையில் ஒரு காலத்தில் வேறொரு வகை யாத்திரிகர் சென்றனர். இருமலை மேல்துண்டால் மறைத்துக் கொண்டு, வீட்டார் ஒருவரோ இருவரோ துணைவர, உயிர் மீளுமா என்ற ஐயத்துடன் சென்ற க்ஷயரோகிகள் அவர்கள். அவர்கள் நாடிச் சென்ற இடத்தின் பெயர் ஆரோக்கியவரம்.

கிறிஸ்தவ சமயம் தன்னைச் சார்ந்தவர்களுக்கு விடுக்கும் அழைப்புகளில் முதன்மையானது, இறைப்பணியில் பங்கு கொள்ளுதலும் பிறர்க்குத் தொண்டு செய்தலுமாகும். இந்த அழைப்பின் பொருள் யாது, சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் அது எவ்வாறு செயலாயிற்று, அதில் எழுந்த ஐயங்கள் எவை என்பவற்றை இங்கே ஆராய்வோம். எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், சொந்த ஊரை விட்டு வேற்று மொழியினரிடையே வாழும் தமிழர்க்கு இதில் எண்ணிப் பார்க்க வேண்டியது உண்டு.

முதலில் சொற்களைக் காண்போம். 'மிஷன்' என்பது அனுப்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஒருவர் தாமாகப் போவதன்று, அனுப்பப்பட்டுப் போவது. தொண்டைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லோ பந்தியில் நின்று பரிமாறுகிறவனின் வேலையைச் சுட்டியது. இயேசு பெருமான் தம் சீடர்களின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சி இந்தக் கருத்தின் உருவம். பசித்தவனுக்கு உணவளித்ததும் நோயாளியைப் பார்க்கச் சென்றதும் தமக்கே செய்தவை என்று இறுதி நாளில் அவர் கூறுவார் என்னும் உவமையும், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தன் இனத்தார் கடந்து செல்ல வேற்றினத்தான் ஒருவன் தூக்கிச் சென்று காப்பாற்றிய கதையும் இதே கருத்தை வலியுறுத்துவன.

தமிழ்க் கிறிஸ்தவர் இதனை 'ஊழியம்' என்பர். இச்சொல்லின் வரலாறு சுவையானது. பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்பது கூலியின்றிக் கட்டாயமாக வாங்கப்பட்ட வேலை. ஏழைச் சாதியினர் அதன் கொடுமையை நன்கறிவர். அதே சொல்லை மனமுவந்து செய்யும் பணிக்குப் பெயராக்கிக் கொண்டது ஒரு பெரிய மாற்றமே. தம் கடமை பணி செய்தலே என்று அப்பர் பெருமான் பாடியதைக் கேட்டு வளர்ந்த தமிழுலகுக்கு இக்கருத்து புதிதன்று. ஆயினும் அதனை நிறுவனமாக்கி, மருத்துவமனையாகவும் பள்ளியாகவும் கட்டி எழுப்பியதில் கிறிஸ்தவ மிஷன்களின் பங்கு தனித்தது.

சித்தூர் 1911ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அவ்வாண்டில்தான் அது தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. இரு மொழிகளும் கலந்து வழங்கும் இந்நிலப்பகுதியில் 1853ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு மிஷன் தோன்றியது. டச்சு மரபில் வந்த அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் கிளை அது. அதனைத் தொடங்கியவர்கள், 1819இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கட்டரின் புதல்வர்கள். சித்தூர் அதன் தொடக்ககால நிலையங்களுள் ஒன்று. மக்கள் மொழியில் பேசுவதே தங்கள் வேலை, ஆங்கிலப் பள்ளி நடத்துவதன்று என்று அவர்கள் முதலில் உறுதி கொண்டிருந்தனர். ஆனால் மக்களின் நோயும் வறுமையும் அவர்களை விடவில்லை. 1866இல் ராணிப்பேட்டையில் மருத்துவமனை எழுந்தது. அந்தக் குடும்பத்தில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கட்டர் அம்மையார் பின்னர் வேலூரில் தொடங்கிய பணி நாடறிந்தது. அதை விரிக்க இங்கு இடமில்லை.

திருப்பதியின் கதை வேறு. ஜெர்மனியில் ஹெர்மன்ஸ்பர்க் என்னும் சிற்றூரின் உழவர்களும் கைவினைஞர்களும் ஆதரித்த ஒரு லூத்தரன் மிஷன் 1860களில் நெல்லூர்ச் சீமையில் கால் ஊன்றிப் பிறகு காளஹஸ்தி, திருப்பதி வட்டாரங்களில் பரவியது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பகைநாட்டாராகி விட்டமையால் அவர்கள் பணி தடைப்பட்டது. அமெரிக்க லூத்தரன்கள் அதனை ஏற்று நடத்தினர். இன்று திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள தென்னாந்திர லூத்தரன் திருச்சபை அதன் வழிவந்ததாகும்.

திருப்பதியில் அந்த ஜெர்மானிய மிஷன் நடத்திய பள்ளியில் 1896ஆம் ஆண்டில் திருத்தணியிலிருந்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். அவனே பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். திருப்பதிக்குப் பின் வேலூரில் ஆர்க்காட்டு மிஷனின் ஊரிஸ் கல்லூரி, அதற்குப் பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என அவரது கல்வியின் பெரும்பகுதி மிஷன் நிலையங்களிலேயே நடந்தது. அங்கே இந்து சமயத்தின்மேல் கூறப்பட்ட குறைகள் தம் நம்பிக்கையைத் தைத்தன என்றும், அவையே தம்மை வேதாந்தத்தை ஊன்றிக் கற்கத் தூண்டின என்றும் அவர் தம் வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார். மிஷன் அவருக்குக் கல்வியும் தந்தது, காயமும் தந்தது. இரண்டையும் அவர் மறைக்கவில்லை.

இங்கே நாம் ஒரு கேள்வியை நேர்முகமாகச் சந்திக்க வேண்டும். தொண்டு என்பது தூண்டிலில் கோத்த இரையா? மருந்து கொடுப்பது மதத்தைக் கொடுப்பதற்காகவா? இக்கேள்வியைக் காந்தியடிகள் பலமுறை எழுப்பினார். திருவிழாக் கூட்டங்களில் பிறர் வணங்கும் தெய்வங்களைப் பழித்துப் பேசிய பிரசாரகர்கள் இருந்தனர் என்பதும், வேற்று நாட்டுப் பணத்தோடு வேற்று நாட்டுச் செருக்கும் சில வேளைகளில் வந்து இறங்கியது என்பதும் மறுக்க முடியாத உண்மைகள். நம் அரசியல் சாசனத்தின் 25ஆம் விதி சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் உரிமை வேறு, உள்ளத்தின் தூய்மை வேறு. தொண்டின் தூய்மையை எதனால் அளப்பது? ஆரோக்கியவரத்தின் வரலாறு ஓரளவு விடை தருகிறது.

1882ஆம் ஆண்டில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். எனினும் அதனைக் கொல்லும் மருந்து மேலும் 60 ஆண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. இருந்த ஒரே வழி சானடோரிய சிகிச்சை. தூய காற்று, திறந்த தாழ்வாரம், நிறைந்த ஓய்வு, சத்துள்ள உணவு, அளந்து கொடுத்த நடை ஆகியவற்றால் உடலே நோயை எதிர்க்கும்படி செய்வது அம்முறை. பின்னர் நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்து ஓய்வு கொடுக்கும் சிகிச்சையும் சேர்ந்தது. மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நோயாளி தங்க வேண்டும். இதற்கு இடமும் பொருளும் ஆள்பலமும் மிகுதியாகத் தேவை. தனியொரு மிஷனால் தாங்கக்கூடிய பாரமன்று அது.

எனவே தென்னிந்தியாவில் பணியாற்றிய பல மிஷன்கள் ஒன்றுகூடின. வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு சபைப் பிரிவினர், ஞானஸ்நானத்தைப் பற்றியும் ஆயரின் அதிகாரத்தைப் பற்றியும் ஒத்த கருத்தில்லாதவர்கள். ஆனால் நோயாளியின் படுக்கையருகே அவர்களுக்குள் வேற்றுமை இருக்கவில்லை. அவர்களின் கூட்டு முயற்சி 1912இல் தொடங்கி 1915இல் நிலைபெற்றது. கடல் மட்டத்துக்குமேல் இரண்டாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமும் வறண்ட காற்றும் உடைய மதனப்பள்ளி அருகே இடம் அமைந்தது. ஐக்கிய மிஷன் காசநோய் சானடோரியம் என்பது அதன் முறையான பெயர். அவ்விடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயர் சூட்டினர். தெலுங்கில் 'வரம்' என்பது ஊர்ப் பெயர்களின் ஈறு. நமக்கோ அது தெய்வம் தரும் கொடை. இரு பொருளும் அவ்வூருக்குப் பொருந்தின. 2022இல் மாவட்டங்கள் மாற்றியமைக்கப்படும் வரை மதனப்பள்ளி சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது.

அதன் முதல் தலைமை மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமாட் மொல்லர், டென்மார்க் நாட்டவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கு உழைத்து, நாட்டின் காசநோய் ஒழிப்பு முயற்சிக்கு முன்னோடியானார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் டாக்டர் பி. வி. பெஞ்சமின், இந்தியர். அவர் பிற்காலத்தில் மத்திய அரசின் காசநோய் ஆலோசகராக விளங்கி, 1955இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வெளிநாட்டார் தொடங்கிய பணியில் நம்மவர் பங்காளராகிப் பின் தலைவராகி, அந்த அனுபவத்தை நாடு முழுமைக்கும் எடுத்துச் சென்ற வரலாறு இது.

அக்காலத்தில் க்ஷயரோகியின் நிலை எத்தகையது என்பதை இன்றைய இளைஞர் எளிதில் உணரமாட்டார். அவருடைய தட்டும் குவளையும் தனியே வைக்கப்படும். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அவர் இருப்பதே மறைக்கப்படும். 1948இல் நம் புதுமைப்பித்தனைப் பறித்துச் சென்றதும் இந்நோயே. பெற்றோரும் அருகில் வரத் தயங்கிய நோயாளியின் சளிக் கோப்பையைத் தினந்தோறும் எடுத்துச் சுத்தம் செய்த செவிலியரின் வேலையை எண்ணிப் பார்ப்போம். நோய் தொற்றக்கூடும் என்பது அவர்கள் அறிந்ததே. சீடரின் கால்களைக் கழுவிய கதையை அவர்கள் மேடையில் விளக்கவில்லை; வார்டில் செய்து காட்டினர்.

தொண்டின் தூய்மைக்கு மற்றொரு சோதனையும் உண்டு. தான் செய்யும் முறை தவறு என்றோ, தன் தேவை தீர்ந்தது என்றோ தெரிய வந்தால் அதை ஏற்கும் மனம் வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் 1940களிலும் ஐசோனியசிட் 1952லும் வந்தன. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்று மருந்துண்டனர். மற்றொரு பகுதியினர் நெருக்கடியான தம் வீடுகளில் இருந்துகொண்டே அதே மருந்தை உண்டனர். 1959இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் இருந்தமையால் குடும்பத்தாருக்குக் கூடுதல் தீங்கும் நேரவில்லை. சானடோரியத்தின் காலம் முடிந்தது என்பதே இதன் பொருள்.

ஆரோக்கியவரம் இதற்கு முன்பே தன் சுவர்களை விட்டு வெளியே வந்திருந்தது. 1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி முதன்முதலாகப் போடப்பட்ட இடங்களுள் மதனப்பள்ளி ஒன்று. 1950 முதல் முதல்வரின் புதல்வர் யோகன்னஸ் ஃப்ரிமாட் மொல்லரும் உடனுழைத்தோரும் சுற்றுப்புறக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, நோய் எவ்வாறு பரவுகிறது, தடுப்பூசி எவ்வளவு காக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆய்ந்தனர். அத்தடுப்பூசியை எதிர்த்து ராஜாஜி 1955இல் தனி நூலே எழுதினார். பின்னர் செங்கற்பட்டில் நடந்த பேராய்வு, வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அது தடுப்பதில்லை என்று காட்டியது. குழந்தைகளைக் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது காப்பதால் இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. நன்மை செய்கிறோம் என்ற நம்பிக்கை போதாது. நன்மை விளைகிறதா என்று அளந்தும் பார்க்க வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது. சானடோரியம் இன்று ஆரோக்கியவரம் மருத்துவ மையம் என்னும் பொது மருத்துவமனையாகி, செவிலியர் பயிற்சியும் அளித்து வருகிறது.

'பங்கு கொள்ளுதல்' என்ற சொல்லுக்கு மீண்டும் வருவோம். கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவும், பெறுபவர் என்றும் பெறுபவராகவும் இருப்பின் அது பங்கு ஆகாது. இதை உணர்ந்த தமிழர் ஒருவரை இங்கே குறிப்பிடுதல் தகும். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். மிஷனரிகளின் உதவியைப் பெற்று வந்த திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள், தாமே காசு சேர்த்துத் தம்முள் இருந்தே ஆட்களை நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதிக்கு அனுப்பினர். தமிழர் தெலுங்கு மக்களிடையே சென்று, அவர்கள் மொழியைக் கற்று, அவர்களோடு வாழ்ந்தனர். 1912இல் அசரியா தோர்ணக்கல் ஆயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் அவரே. அதற்கு இரண்டு ஆண்டு முன்னர் எடின்பரோ நகரில் நடந்த உலக மிஷன் மாநாட்டில், மேனாட்டாரின் தியாகத்தை நன்றியோடு ஒப்புக்கொண்ட அவர், இந்தியரைச் சமமான தோழராக ஏற்பதில் அவர்கள் குறைவுபடுகின்றனர் என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறினார். அள்ளிக் கொடுக்கும் கை ஒருபோதும் தோளைத் தொடாமற் போகலாம் என்பதை அவர் கண்டிருந்தார்.

பங்கு கொள்ளுதல் ஒரு சமயத்தின் எல்லைக்குள் அடங்குவதுமன்று. மதனப்பள்ளிக்கு அண்மையில் உள்ள தரிகொண்டாவில் பிறந்த வெங்கமாம்பா என்னும் பக்தை, திருமலையில் அடியார்க்கு அன்னமிட்டு வந்தார். இன்று திருமலையின் அன்னப்பிரசாதக் கூடம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்ரீவாரி சேவையில் பல மாநிலத்தவர் சென்று, சம்பளமின்றிப் பந்தி பரிமாறுகின்றனர். பந்தியில் பரிமாறுகிறவன் என்னும் பழைய கிரேக்கச் சொல்லின் பொருளும் இதுவே அன்றோ? சித்தூர்ச் சீமையின் ஒரு மூலையில் நோயாளிக்குப் படுக்கை விரித்தவரும் மற்றொரு மூலையில் பசித்தவனுக்கு இலை போட்டவரும் வெவ்வேறு பெயர் சொல்லி வணங்கினர். ஆயினும் குனிந்து செய்த வேலை ஒன்றே.

இவையெல்லாம் பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்றும் இந்தியரே. மருந்து அரசால் இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலோர்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். சத்துணவுக்காக மாதந்தோறும் அரசு தந்துவந்த 500 ரூபாய் 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தார்க்கு உணவுப் பொருள் அளித்தபோது அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. மருந்து நோயாளியைக் குணப்படுத்துகிறது. உணவு அவர் வீட்டாரைக் காக்கிறது. 2022இல் தொடங்கிய 'நி-க்ஷய் மித்ரா' திட்டத்தின்படி, எவரும் ஒரு நோயாளிக்கு உணவு உதவி செய்யும் பொறுப்பை ஏற்கலாம். அதற்குச் சமயமோ மொழியோ தடையில்லை.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட கடமை ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. நாம் பிழைக்க வந்தவர்கள். நம்மை எவரும் தொண்டுக்கென அனுப்பவில்லை. ஆனால் வந்த இடத்தில் அயலார் வீட்டு அடுப்பு எரிகிறதா, அடுத்த அறையில் இருமுகிறவர் மருந்தை முடித்தாரா என்று கேட்கும் அளவுக்கு அவர்கள் மொழியைக் கற்றிருக்கிறோமா? இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் பரிசோதனைக்குப் போகும்படி சொல்லவும், வெட்கப்பட்டு மறைப்பவரைத் துணையாக அழைத்துச் செல்லவும் பெரும் பொருள் வேண்டுவதில்லை. நோயுற்றவரின் தட்டைத் தனியே வைக்காமல் பக்கத்தில் அமர்ந்து பேசுவதற்குக் கல்வியும் வேண்டுவதில்லை.

அடுத்த முறை பாகாலையில் ரயில் நிற்கும்போது, பிரிந்து செல்லும் அந்தக் கிளைப்பாதையையும் ஒருகணம் நோக்குவோம். அவ்வழியே அச்சத்தோடு சென்றவர் பலர். நலம்பெற்றுத் திரும்பியவரும் பலர். அவர்களை ஏற்றுக் கொள்ள அங்கே சிலர் காத்திருந்தனர் என்பதே அவ்வூரின் பெருமை. நம் தெருவில் அவ்வாறு காத்திருப்பவர் யார் என்ற கேள்விக்கு விடை நம் கையில் இருக்கிறது.